காவிரி டெல்டா வயலில் யூரியா எங்கே போகிறது? நிலையான ஐசோடோப்புகளை வைத்துத் தேடும் முறை

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அடிபம்புத் தண்ணீரைச் சோதித்ததில், நைட்ரேட்டின் நைட்ரஜன்-15 மதிப்பு +15 என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். கைப்புத்தக அட்டவணையைப் புரட்டினால் அந்த எண்ணுக்கு நேராகச் சாணம், கழிவுநீர் என்று இருக்கும். அதையே அறிக்கையில் எழுதிவிடலாம். ஆனால் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் களிமண்ணில், வயலுக்குப் போட்ட சாதாரண யூரியாவே அதே எண்ணைக் காட்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்: டெல்டாவில் நைட்ரேட்டைத் தனியாகப் படிக்க முடியாது. முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும், அடுத்து குளோரைடு, கடைசியில்தான் நைட்ரேட்.

எண்ணின் பொருள்

ஐசோடோப்பைப் பள்ளிப் பாடத்தில் ஓரிடத்தான் என்று படித்திருப்போம். ஒரே தனிமம், எடை மட்டும் வேறு. காற்றில் உள்ள நைட்ரஜன் அணுக்களில் 0.3663 சதவீதம்தான் கனமான நைட்ரஜன்-15. நீரில் உள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய 0.2 சதவீதம் ஆக்சிஜன்-18. இவை கதிர்வீச்சு இல்லாதவை, சிதையாதவை. அதனால்தான் 'நிலையான' என்கிறோம்.

மாதிரியில் கனமானதுக்கும் இலேசானதுக்கும் உள்ள விகிதத்தை ஒரு பொதுத் தரத்தின் விகிதத்தால் வகுத்து, 1 கழித்து, 1000-ஆல் பெருக்கினால் டெல்டா மதிப்பு கிடைக்கும். அலகு பெர்மில், குறி ‰. நைட்ரஜனுக்குத் தரம் காற்று, நீருக்கு வியன்னா கடல்நீர்த் தரம், கார்பனுக்கு வியன்னா பெலம்னைட் தரம். ஆற்று டெல்டாவும் இந்த டெல்டாவும் ஒரே பெயரில் வந்து குழப்பும் என்பதால், இனி எண்ணைக் குறிக்கும் இடத்தில் 'மதிப்பு' என்றே எழுதுகிறோம்.

இதெல்லாம் வேலை செய்வதற்கு ஒரே காரணம், இலேசான அணு முந்திக்கொள்ளும் என்பதுதான். ஆவியாகும்போது இலேசான நீர் முதலில் போகிறது. பாக்டீரியாவும் இலேசான நைட்ரேட்டை முதலில் தின்கிறது. மிஞ்சுவது கனமாகிக்கொண்டே போகும்.

இயற்கை அளவா, அடையாளமிட்ட உரமா?

வழி இரண்டு. இயற்கையில் இருக்கும் சின்ன வித்தியாசங்களை அளப்பது ஒன்று. நைட்ரஜன்-15 செறிவூட்டிய யூரியாவை வாங்கி, சிறு பாத்தியில் போட்டுத் தேடுவது இன்னொன்று. 'இந்த ஊர்க் கிணற்று நைட்ரேட் எங்கிருந்து வந்தது, வழியில் என்ன ஆனது' என்பது முதல் வழிக்கான கேள்வி. 'போட்ட யூரியாவில் எத்தனை சதவீதம் பயிருக்குப் போனது' என்பதற்கு இரண்டாவது வழிதான் பதில் சொல்லும். முதல் வழியில் சதவீதம் கேட்டால் கிடைப்பது ஊகம்.

இரண்டையும் ஒரே வயலில் செய்யாதீர்கள். அடையாளமிட்ட பாத்தி இருந்த இடத்து மண்ணில் பல வருடங்களுக்கு இயற்கை அளவை அளக்க முடியாது. மண்வெட்டி, ஆகர் (மண் துளைக்கும் கருவி), சல்லடை, அரவை இயந்திரம் எல்லாவற்றுக்கும் தனித் தனி ஜோடி வேண்டும். கழுவினால் போதும் என்று நினைத்துக் கெட்ட தொகுதிகள் ஏராளம்.

எப்போது, எங்கே எடுப்பது

டெல்டாவுக்கு வரும் தண்ணீர் இரண்டு. ஒன்று மேட்டூர்த் தண்ணீர்: குடகு மலையில் தென்மேற்குப் பருவமழையாகப் பெய்து, அணைகளில் வெயில் குடித்து, கல்லணையில் பிரிந்து வருவது. மற்றொன்று ஐப்பசி, கார்த்திகை மழை: வங்கக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவத்தில் வந்து வயல் மேலேயே கொட்டுவது. வடகிழக்குப் பருவ மழையில் ஆக்சிஜன்-18 பொதுவாகக் குறைவு, மதிப்பு இன்னும் எதிர்மறையாக இருக்கும். அணையில் தேங்கிய நீர் ஆவியாதலால் கனத்திருக்கும். இயற்கையே இரண்டு தண்ணீருக்கும் வேறு வேறு முத்திரை குத்தி அனுப்புகிறது. இந்த வசதி எல்லா ஊருக்கும் கிடைக்காது.

அதனால் மாதிரி எடுக்கும் தேதியை ஆங்கில மாதக் கணக்கில் சீராகப் பிரிக்காதீர்கள். வாய்க்கால் கணக்கில் பிரியுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் இல்லாத ஆண்டில் அது தள்ளிப்போகும். 2024-ல் அந்தத் தேதியில் திறக்கவில்லை. ஆகவே திட்டத்தில் 'ஜூன் 20 மாதிரி' என்று எழுதாமல், 'வாய்க்காலில் தண்ணீர் வந்த 3-ஆம் நாள் மாதிரி' என்று எழுதுங்கள். குறைந்தபட்சம் ஐந்து முறை எடுக்க வேண்டும்:

சித்திரை, வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும்போது கிணறும் மண்ணும். முதல் தண்ணீர் பாய்ந்த வாரத்தில் வயல் நீர், மண்ணிடை நீர் (மண் துகள்களுக்கு இடையில் உள்ள நீர்), வடிகால். மேலுரம் போட்டபின் 1, 3, 7-ஆம் நாட்களில் வயல் நீரும் மண்ணிடை நீரும். ஐப்பசி அடைமழையில் மழை, வடிகால், கிணறு. தை அறுவடைக்கு முன் தண்ணீர் வடிந்ததும் மண்ணும் கிணறும்.

இதில் யாரும் தவறவிடக் கூடாதது முதல் தண்ணீர் பாயும் வாரம். கோடையில் காய்ந்த மண்ணில் காற்று புகுந்து, கரிமத் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறிச் சேர்ந்திருக்கும். தண்ணீர் கட்டியதும் அது கீழே இறங்கும், அல்லது சில நாட்களில் வாயுவாகப் போய்விடும். பத்து நாள் தாமதித்துப் போனால் அளக்க ஒன்றும் இருக்காது.

இடத்துக்கு ஒரு கோடு பிடியுங்கள். கல்லணை, தஞ்சாவூர் வழியாக வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் பாமணியாறு, கோரையாறு பிரிவதைத் தொட்டு, மன்னார்குடி வழியாக முத்துப்பேட்டைக் காயல் வரை போகலாம். தலைமடையில் ஆற்றுநீர் ஆதிக்கம், கடைமடையில் மழையும் உப்பும். நடுவில் வெவ்வேறு மண்: களத்தூர் வகைக் கருங்களி, ஆற்றோர வண்டல், புது டெல்டாவில் பட்டுக்கோட்டைச் செம்மண். களியில் நைட்ரேட் மெல்ல இறங்கி வழியில் அழியும், செம்மண்ணில் விறுவிறுவென்று கிணற்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று வயல் எடுங்கள். ஒரு வயலில் பத்து மாதிரி எடுத்தாலும் அது ஒரு வயல்தான்.

தண்ணீர் மாதிரி: கெடுவது இங்கேதான்

ஆய்வகத்தில் ஆக்சிஜன்-18-ஐ 0.1 ‰ துல்லியத்தில் அளக்க லேசர் கருவி இருக்கிறது. மூடி தளர்ந்த பாட்டில் ஒரு மாதம் மேஜையில் இருந்தால், அதைவிடப் பல மடங்கு பிழை வந்துவிடும். செலவு செய்ய வேண்டிய இடம் மூடி.

நீரின் ஐசோடோப்புக்கு 20 அல்லது 30 மில்லி பாட்டில், உள்ளே கூம்பு அடைப்பு உள்ள மூடி. வடிகட்டி, விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குமிழி ஏறினால் மறுபடி நிரப்புங்கள். இதை உறைய வைக்கத் தேவையில்லை, எந்த மருந்தும் சேர்க்கக் கூடாது. வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

நைட்ரேட்டுக்குத் தனிப் பாட்டில்: 60 மில்லி பிளாஸ்டிக், 0.2 மைக்ரான் வடிகட்டி. ஆடி மாத வாய்க்கால் தண்ணீர் செந்நிறமாக இருக்கும், 0.2 மைக்ரான் வடிகட்டி பத்து மில்லியில் அடைத்துக்கொள்ளும். முதலில் 0.45 மைக்ரானில் ஒரு முறை, பிறகு 0.2-ல். அழுத்திப் பிழிந்தால் தாள் கிழிந்து பாக்டீரியா உள்ளே போகும், பாட்டிலுக்குள்ளேயே நைட்ரேட்டைத் தின்று எண்ணை மாற்றும். வடிகட்டிய முதல் 5 மில்லியைக் கொட்டிவிடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள், உறையும்போது விரியும். அன்றே ஐஸ் பெட்டி, இரவுக்குள் −20 டிகிரி.

அமிலம் ஊற்றிப் பாதுகாக்கும் பழக்கம் உலோகச் சோதனையிலிருந்து வந்தது. இங்கே வேண்டாம். நெல் வயல் நீரில் நைட்ரைட் இருக்கும். அமிலத்தில் அது சிதைந்து, ஒரு பங்கு நைட்ரேட்டாகி, நைட்ரேட்டின் நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டு எண்ணையும் கெடுக்கும். நைட்ரைட் இருக்கிறதா என்று வயலிலேயே சோதனைப் பட்டையால் பாருங்கள். இருந்தால் சல்பாமிக் அமிலத்தால் நீக்கி, பிறகு சமன்படுத்த வேண்டும். அதை ஆய்வகத்தில் செய்யலாம், ஆனால் பாட்டிலில் 'நைட்ரைட் உண்டு' என்று எழுதி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

கிணறு, போர் என்றால் குழாயில் தேங்கிய பழைய நீரை வெளியேற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 4 அங்குலக் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் ஏறக்குறைய 80 லிட்டர். மூன்று மடங்கு என்றால் 240 லிட்டர், 15 லிட்டர் வாளியில் 16 வாளி. பம்புசெட்டில் சில நிமிட வேலை, அடிபம்பில் ஆள் மாற்றி அடிக்க வேண்டியதுதான். இ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்தும் திறனை அளக்கும் கருவி) மூன்று முறை ஒரே எண் காட்டினால் நிறுத்தலாம். பைப்பின் ஆழத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு அடிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஆழம் தெரியாத கிணற்றின் எண்ணை வைத்துப் பின்னால் எதுவும் சொல்ல முடியாது. எடுத்த நீர் தெளிவாக இருந்து, அரை மணியில் துருநிறமாகக் கலங்கினால் அது ஆக்சிஜன் இல்லாத இரும்பு நீர். குறித்துவையுங்கள், டீநைட்ரிஃபிகேஷனுக்கு (ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்குவதற்கு) அது ஒரு சாட்சி.

மழைக்கு 5 லிட்டர் கேன், புனல். புனலிலிருந்து ஒரு டியூபு கேனின் அடிவரை போய் நீருக்குள் முங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் ஆவியாகாது. மேலே பாரஃபின் எண்ணெய் ஊற்றுவது பழைய வழி. எண்ணெய்த் துளி லேசர் கருவிக்குள் போனால் கருவிக்காரர் உங்களை மன்னிக்க மாட்டார். மாத மொத்தமாக எடுத்தால், மாத எண்களை மழையளவால் எடைபோட்டுச் சராசரி காணுங்கள். 300 மில்லிமீட்டர் கொட்டிய ஐப்பசியும் 10 மில்லிமீட்டர் தூறிய மாசியும் சமம் அல்ல.

மண்ணிடை நீரும் மண்ணும்

வயலில் நிற்கும் நீரை மட்டும் எடுத்தால் கதையின் மேல்தோல்தான் கிடைக்கும். சேற்றில் மேல் சில மில்லிமீட்டர் மட்டும் ஆக்சிஜன் உள்ள படலம், அங்கே அமோனியம் நைட்ரேட்டாகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாத சேறு, அங்கே இறங்கிய நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாக, நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. இந்த இரண்டும் விரல் அகலத்துக்குள் நடக்கின்றன. ஆகவே 5, 15, 30 சென்டிமீட்டரில் மெல்லிய நுண்துளைக் குச்சி வடிகட்டிகளை நடவு முடிந்ததும் புதைத்து, ஒரு வாரம் விட்டு, சிரிஞ்சால் இழுங்கள். சிரிஞ்சை இழுத்து ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து ஒரு மணி நேரம் விட்டால் 10, 15 மில்லி வரும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் மேல்நீர் குச்சியின் ஓரமாக வழிந்து இறங்கிவிடும்.

எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். வெயில் நேரத்தில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் வயல் நீரின் பிஎச் 9-ஐத் தொடும், யூரியாவிலிருந்து வந்த அமோனியா பறந்துபோகும். இலேசானது முதலில் பறப்பதால் மிஞ்சிய அமோனியம் கனமாகும். காலை ஒரு வயல், மதியம் ஒரு வயல் என்று எடுத்துவிட்டு வயலுக்கு வயல் வித்தியாசம் பார்ப்பது வீண்.

மண்ணுக்கு ஒரே விதி: காய வைக்காதீர்கள். சேற்று மண்ணை வழக்கப்படி நிழலில் உலர்த்தினால், அதில் இருக்கும் அமோனியம் காற்றுப்பட்டு நைட்ரேட்டாகிவிடும். வயலில் இல்லாத நைட்ரேட்டை நீங்களே உண்டாக்கி அளப்பீர்கள். வயலோரத்திலேயே ஈரமண் 10 கிராமை, 50 மில்லி 2 மோலார் பொட்டாசியம் குளோரைடு உள்ள பாட்டிலில் போட்டு, தனியாக ஒரு பங்கு மண்ணை ஈரப்பதக் கணக்குக்கு எடுத்துவையுங்கள். ஒரு மணி நேரம் குலுக்கி, வடிதாளில் வடித்து உறைய வைக்கலாம். வடிதாளிலேயே அமோனியம் ஒட்டியிருக்கும், அதே உப்புக் கரைசலால் முன்கூட்டிக் கழுவுங்கள். ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் மண் இல்லாத வெற்றுக் கரைசல் ஒன்று.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் ஐசோடோப் வசதி உண்டு. எங்கே அனுப்பினாலும் நீருக்கு லேசர் கருவியா, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரா என்று கேளுங்கள். லேசரில் முந்தைய மாதிரியின் வாசனை ஒட்டியிருக்கும். ஒரு மாதிரியை 6 முதல் 8 முறை செலுத்தி, முதல் மூன்று நான்கைத் தள்ளிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். வேதாரண்யம் பக்கத்து உப்புநீர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், ஆவியாக்கியில் உப்புப் படியும். வைக்கோல் அழுகிய நீரில் உள்ள ஆல்கஹால் வகைகளும் லேசரை ஏமாற்றும்.

நைட்ரேட்டுக்கு நம்பகமான வழி பாக்டீரியா முறை. நைட்ரஸ் ஆக்சைடோடு நின்றுவிடும், அதை மேற்கொண்டு நைட்ரஜனாக்கும் நொதி இல்லாத சூடோமோனாஸ் வகையை ஒரு வாரம், பத்து நாள் வளர்த்துச் செறிவாக்கி, 20 மில்லி குப்பிக்கு 2 மில்லி ஊற்றி அடைத்து, மூன்று மணி நேரம் நைட்ரஜன் அல்லது ஹீலியம் ஓட்டி, மாதிரியை ஊசியால் செலுத்தி, ஓரிரவு விட்டு, மறுநாள் சோடியம் ஹைட்ராக்சைடால் நிறுத்துவார்கள். வரும் வாயுவை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் படிக்கும். இதில் நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டும் ஒரே ஓட்டத்தில் கிடைக்கும். காட்மியம்-அசைடு முறையும் உண்டு. அசைடு அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு, உலோகத்தோடு சேர்ந்தால் வெடிக்கும் உப்பு. புகைக்கூண்டும் பயிற்சியும் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் தொடவே வேண்டாம். டைட்டானியம் குளோரைடால் ஒரே படியில் செய்யும் புதிய முறை அதைவிடப் பாதுகாப்பு.

தேவைப்படும் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாக்டீரியா முறைக்கு 20 நானோமோல் நைட்ரஜன் போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்றால் 71 மைக்ரோமோல், ஆகவே 0.28 மில்லி நீரே போதும். 0.1 மில்லிகிராம் என்றால் 2.8 மில்லி. குடிநீர்த் தர எல்லை நைட்ரேட்டாக 45 மில்லிகிராம், நைட்ரஜன் கணக்கில் 10.2. அறிக்கைகளில் இந்த இரண்டு அலகும் கலந்து வந்து 4.4 மடங்கு பிழை நுழைவது சர்வசாதாரணம்.

ஒவ்வொரு தொகுதியிலும் யூஎஸ்ஜிஎஸ்-34, யூஎஸ்ஜிஎஸ்-35 தரங்கள் (மதிப்பு முன்பே தெரிந்த நைட்ரேட் உப்புகள்) இருந்தனவா என்று கேளுங்கள். முதலாவதன் ஆக்சிஜன் −27.9, இரண்டாவது +57.5. இரண்டுக்கும் நடுவில் உங்கள் எண் விழ வேண்டும். மண் சாறு என்றால் தரங்களையும் அதே பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் கரைத்திருக்க வேண்டும். இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள், கேளுங்கள்.

படிக்கும் வரிசை: முதலில் தண்ணீர்

உலக மழையின் பொதுக்கோடு 1961-ல் வந்தது: டியூட்டிரியம் (கனமான ஹைட்ரஜன்) = 8 × ஆக்சிஜன்-18 + 10. உங்கள் மழை எண்களை வைத்து உள்ளூர்க் கோடு போடுங்கள். ஆவியான நீர் இந்தக் கோட்டை விட்டு விலகி, 4 முதல் 6 வரை சரிவுள்ள கோட்டில் போகும். கிணற்றுப் புள்ளி மழைக்கோட்டிலேயே இருந்தால் அடைமழை நேராக இறங்கியிருக்கிறது. ஆவிக்கோட்டில் இருந்தால் ஆற்றுநீரோ வயலில் நின்ற நீரோ இறங்கியிருக்கிறது. ஆவிக்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் மழைக்கோட்டை வெட்டும் இடம் அந்த நீரின் பிறப்பு.

கலவைக் கணக்கு இப்படி. எண்கள் கணக்குக்காக எடுத்தவை, அளந்தவை அல்ல: ஆக்சிஜன்-18 மதிப்பு ஆற்றுநீர் −2.5, மழை −7.5, கிணறு −5.5 என்றால் ஆற்றின் பங்கு (−5.5 + 7.5) ÷ 5 = 0.4. நாற்பது சதவீதம் என்று அங்கேயே நிறுத்தக் கூடாது. ஆறும் மழையும் ±0.5, கிணறு ±0.1 என்றால் பிழை ஏறக்குறைய ±7.5 சதவீதம் வரும். இரண்டு முனைகளும் 5 ‰ தள்ளி இருப்பதால்தான் இவ்வளவு நல்ல பதில். 1 ‰ மட்டும் தள்ளி இருந்தால் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

தண்ணீர் எண் நைட்ரேட்டைப் படிக்கவும் வேண்டும். மண்ணில் உருவாகும் நைட்ரேட்டின் மூன்று ஆக்சிஜனில் இரண்டு நீரிலிருந்தும் ஒன்று காற்றிலிருந்தும் வருகின்றன என்பது தோராயக் கணக்கு. காற்று ஆக்சிஜன் +23.5. நீர் −4 என்றால் நைட்ரேட் +5.2, ஆவியாகி 0-க்கு வந்த நீர் என்றால் +7.8. நீரை அளக்காதவர் இந்த 2.6 வித்தியாசத்தை வேறு மூலம் என்று எழுதிவிடுவார்.

அடுத்து குளோரைடு, பிறகுதான் நைட்ரேட்

நைட்ரேட்டின் நைட்ரஜன்-15-க்குப் பொதுவான எல்லைகள்: யூரியா, அமோனிய உரங்கள் −5 முதல் +5, மண் கரிமத்திலிருந்து வந்தது +2 முதல் +8, சாணமும் கழிவுநீரும் +7 முதல் +20-க்கு மேலும். மழையில் நேராக வந்த நைட்ரேட்டின் ஆக்சிஜன் +60-ஐத் தாண்டும், அதை வைத்து உடனே அடையாளம் தெரியும். மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

டீநைட்ரிஃபிகேஷன் என்ன செய்யும் என்று ஒரு கணக்கு. வயலோர ஆழமற்ற நீரில் நைட்ரேட்-நைட்ரஜன் 6 மில்லிகிராம், மதிப்பு +6. வடிகால் பக்கத்துக் குழாயில் 2 மில்லிகிராம். பிரிப்புக் காரணி (பாக்டீரியா இலேசானதை எவ்வளவு முந்தித் தின்கிறது என்பதன் அளவு) −10 என்று எடுத்தால், மிஞ்சியது எவ்வளவு கனக்கும் என்று சொல்லும் ராலே சமன்பாட்டின்படி 6 + (−10) × மடக்கை(1/3) = ஏறக்குறைய +17. மடக்கை இங்கே இயற்கை மடக்கை. சாணம் ஒரு கூடை கூடக் கொட்டாமல் யூரியா வயல் +17 காட்டிவிட்டது.

எப்படிப் பிரிப்பது? முதல் சாட்சி குளோரைடு. நைட்ரேட் மூன்றில் ஒன்றாகி, குளோரைடும் மூன்றில் ஒன்றானால் அது மழைநீர் கலந்து நீர்த்தது, வேறொன்றுமில்லை. குளோரைடு அப்படியே இருந்தால் நைட்ரேட் அழிந்திருக்கிறது. மிச்சப் பங்கை எப்போதும் நைட்ரேட்-குளோரைடு விகிதத்தில் கணக்கிடுங்கள், வெறும் நைட்ரேட்டில் அல்ல. கழிவுநீர் என்றால் குளோரைடு ஏறும், நைட்ரேட்டும் ஏறும். கடைமடையில் மட்டும் கடல் உப்பு இந்தச் சாட்சியைக் கலைக்கும், அங்கே புரோமைடு விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது சாட்சி ஆக்சிஜன். டீநைட்ரிஃபிகேஷனில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்து ஏறும், சரிவு 0.5-க்கும் 1-க்கும் நடுவில். மேலே சொன்ன உதாரணத்தில் நைட்ரஜன் 11 ஏறினால் ஆக்சிஜன் 5.5 முதல் 11 வரை ஏற வேண்டும். நைட்ரஜன் மட்டும் +17, ஆக்சிஜன் +5-லேயே இருந்தால் அப்போது சாணத்தையோ கழிப்பறைக் குழியையோ சந்தேகிக்கலாம். அமோனியா பறந்ததாலும் இதே தோற்றம் வரும், ஆகவே மேலுரம் போட்ட தேதியை ஒப்பிடாமல் முடிவு எழுதாதீர்கள்.

கணினியில் பேயீசியன் கலவை நிரல் (ஒவ்வொரு மூலத்தின் பங்கையும் நிகழ்தகவால் கணக்கிடுவது) ஓட்டி 'கழிவுநீர் 62 சதவீதம்' என்று அச்சடிக்கும் மோகம் இப்போது அதிகம். அந்த நிரலுக்கு வழியில் நைட்ரேட் தின்னப்பட்டது தெரியாது. டீநைட்ரிஃபிகேஷன் உள்ள நீரைத் திருத்தாமல் கொடுத்தால், அழகான வரைபடத்தோடு தவறான பதில் வரும்.

அடையாளமிட்ட யூரியா பாத்தி

எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 15 கிராம். நான்கு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 3.75 கிராம், யூரியாவாக ஏறக்குறைய 8 கிராம். 5 அணுச் சதவீதம் (நைட்ரஜன் அணுக்களில் 5 சதவீதம் நைட்ரஜன்-15) செறிவூட்டியது போதும், அதற்கு மேல் வாங்குவது பணத்தைச் சேற்றில் போடுவது. கணக்கு இதோ: மேல் 15 சென்டிமீட்டர் மண் சதுர மீட்டருக்கு 195 கிலோ, அதில் தழைச்சத்து 0.08 சதவீதம் என்றால் 156 கிராம். போட்டதில் ஐந்தில் ஒரு பங்கு, 3 கிராம், மண்ணில் தங்கினாலும் மண்ணின் மதிப்பு ஏறக்குறைய +240 ‰ ஏறும். கருவிக்கு அது மலை.

1 மீட்டர் சதுரம், 50 சென்டிமீட்டர் உயரத் துத்தநாகத் தகட்டுச் சட்டத்தை 30 சென்டிமீட்டர் சேற்றில் இறக்குங்கள். உள்ளே 20-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 50 குத்து. வயலில் நீரை 2, 3 சென்டிமீட்டருக்குக் குறைத்து, யூரியாவை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, குத்துகளுக்கு நடுவே ஊற்றி, பாத்திரத்தை இரண்டு முறை அலசி அதையும் ஊற்றுங்கள். அறுவடையில் ஓர வரிசைகளை விட்டு நடுப்பகுதியை மட்டும் எடுங்கள்.

இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று நண்டு வளை. சட்டத்துக்கு அடியில் நண்டு ஒரு வளை போட்டால் உரம் ஓரிரவில் பக்கத்து வயலுக்குப் போய்விடும். தினமும் உள்நீர் மட்டத்தை ஒரு குச்சிக்குறியில் பாருங்கள், வெளிமட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் எங்கோ ஓட்டை. மற்றது சம்பாவின் அடைமழை. 20 சென்டிமீட்டர் விளிம்பு ஒரு பெரிய மழையில் நிரம்பி வழியும். வழிந்ததென்றால் அந்தப் பாத்தியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். தாளடிக்கும் சம்பாவுக்கும் கூடுதலாக இரண்டு பாத்தி போட்டு வைப்பது அதற்காகத்தான்.

கணக்கு: பயிரில் 2.100 அணுச் சதவீதம், உரமிடாத பாத்திப் பயிரில் 0.368 என்றால் கூடுதல் 1.732. உரத்தின் கூடுதல் 4.634. வகுத்தால் பயிரின் தழைச்சத்தில் 37.4 சதவீதம் உரத்திலிருந்து வந்தது. பயிர் எடுத்தது சதுர மீட்டருக்கு 12 கிராம் என்றால் 4.5 கிராம் உரத்துடையது, போட்ட 15-ல் 30 சதவீதம். நீர் நிற்கும் நெல்லில் 30 முதல் 40 சதவீதம் என்பது வழக்கமாகக் காணும் அளவு. 70 வந்தால் சந்தோஷப்படாமல் தராசையும் கணக்கையும் சரிபாருங்கள். மண்ணை 0-15, 15-30, 30-60 என்று எடுத்து அதையும் கூட்டி, 100-லிருந்து கழித்தால் வருவது 'கணக்கில் வராதது'. அதை அப்படியே 'வாயுவாகப் போனது' என்று எழுதக் கூடாது. கீழே இறங்கியதும் அதற்குள் இருக்கிறது.

அரைக்கும்போது உரமிடாத பயிரை முதலில், அடையாளமிட்டதைக் கடைசியில். தகரக் குப்பியில் வைக்கோல் 5 மில்லிகிராம், மண் 40 முதல் 60 மில்லிகிராம்.

கார்பனும் கந்தகமும்

மண் கரிமத்தில் கார்பன்-13 பார்க்க டெல்டாவில் நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. நெல் −27, −28 பக்கம், கரும்பு −12 பக்கம். கரும்பிலிருந்து நெல்லுக்கு மாறிய வயலில் பழைய கரும்புக் கரிமம் எவ்வளவு மிச்சம் என்று நேரடியாகக் கணக்கிடலாம். களத்தூர்க் களியில் சுண்ணாம்புக் கரணை இருக்கும். அதை நீக்காவிட்டால் கார்பன் எண் பொய். மண்ணை வெள்ளிக் குப்பியில் எடைபோட்டு, ஒரு துளி நீரில் நனைத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி உள்ள டெசிகேட்டரில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து, 60 டிகிரியில் உலர்த்துங்கள். தகரக் குப்பி அமிலத்தில் நொறுங்கிவிடும். நைட்ரஜனை அமிலம் காட்டாத தனிப் பங்கில் அளக்க வேண்டும்.

முத்துப்பேட்டைப் பக்கத்து உப்புக் கிணறுகளில் சல்பேட்டின் கந்தகம்-34 உதவும். கடல்நீர்ச் சல்பேட் +21. சல்பேட்-குளோரைடு விகிதம் கடலைவிடக் குறைந்து, மதிப்பு +21-ஐத் தாண்டினால், கடல்நீர் வந்த பிறகு அலையாத்திச் சேற்றில் பாக்டீரியா சல்பேட்டைத் தின்றிருக்கிறது. பாட்டிலைத் திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால், வயலிலேயே துத்தநாக அசிடேட் சேர்த்துச் சல்பைடை வீழ்த்தி வடிகட்டிவிடுங்கள். தஞ்சாவூர் வந்து செய்யலாம் என்று மூட்டை கட்டினால், பாதி வழியிலேயே சல்பைடு ஆக்சிஜனேற்றமாகிச் சல்பேட்டோடு கலந்திருக்கும்.